பெவர்லி வீட்டு ஆஸ்பராகஸ்

வியாழக்கிழமை பத்து மணிக்கு நெவில் வருவார். பெவர்லி ஒன்பதுக்கே கேக்கை வெட்டித் தட்டில் வைத்துவிடுவாள். கணவர் இறந்து ஆறு வருஷமாகிறது. மகன் பெர்த்திலிருந்து ஞாயிறுகளில் மட்டும் போன் செய்வான். அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஆள் நெவில் ஒருவர்தான்.

அவர் வருவது அவளுக்காக அல்ல, வேலியோரம் அவள் அழகுக்கென்று வைத்து, முப்பது வருஷமாகப் படர்ந்துகிடந்த ஆஸ்பராகஸுக்காக. நம் தண்ணீர்விட்டான் கொடிக்கு உறவுதான் அது. பறவைகள் அதன் பழத்தைத் தின்று கடற்கரை மணல்மேடெங்கும் விதைக்கின்றன என்பது நெவிலின் புகார். அவரும் ஊர்க்காரர்கள் சிலரும் சனிக்கிழமைதோறும் அங்கே அதைத் தோண்டியெடுக்கிறார்கள்.

எடுத்துவிடுங்கள் என்பார் அவர். யோசித்துச் சொல்கிறேன் என்பாள் இவள். யோசிக்க ஒன்றுமில்லை. செடி போய்விட்டால் அவர் எதற்கு வரப்போகிறார்?

ஏப்ரலில் பழங்கள் சிவந்தன. அந்த வாரம் வந்த நெவில் தேநீரைத் தொடவில்லை. "ஒரு நடை என்கூட வாங்க பெவர்லி" என்று மணல்மேட்டுக்கு அழைத்துப் போனார்.

பேங்க்சியா மரங்களுக்குக் கீழே தரையே தெரியவில்லை. முழங்கால் உயரத்துக்கு முள்ளும் பச்சையுமாக மூடிக்கிடந்தது. வேறொரு கன்று தலைகாட்டவில்லை.

"இவ்வளவும் என் வீட்டுதா?"

"எல்லாமும்னு சொல்லமாட்டேன். ஆனா இதுக்கு நேர் மேல இருக்கிற வேலி உங்களோடதுதான்."

மறுநாள் விடிந்ததும் அவளே கத்தியோடு மண்டியிட்டாள். நீர்க்கிழங்குகள் மண்ணில் கிடந்தாலும் பரவாயில்லை, நடுவிலிருக்கும் தண்டுக்கட்டையை அறுத்து எடுத்தால் போதும் என்று அவர் எத்தனையோ முறை சொல்லியிருந்தார். மூன்று நாள் ஆயிற்று. நெவில் வந்து மூட்டைகளை வண்டியில் ஏற்றி, கைகுலுக்கி, நன்றி சொல்லிப் போனார்.

அடுத்த வியாழன் யாரும் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் பத்து மணி தாண்டிப் போயிற்று. இரண்டு வாரமும் வெட்டிய கேக்கை அவளே தின்றாள்.

சனிக்கிழமை அவள் மணல்மேட்டுக்கு நடந்தாள். நெவில் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, மறுபடி முளைச்சிடுச்சா?"

"இல்ல. ஒண்ணுமே முளைக்கல. அதான் வந்தேன்."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்து, யாரும் தொடாத ஒரு மூலையைக் காட்டினார். மற்றவர்கள் தூரத்தில் ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்திருந்தார்கள். பேச்சுச் சத்தம் எட்டவில்லை, கடல் மட்டும் கேட்டது. பெவர்லி மண்டியிட்டு முதல் கட்டையைத் தேடி முள்ளுக்குள் கையை விட்டாள்.