ஆற்றோடு போன பழனாத்தாள்

...இல்லை, இது வேறு யாரோ ஒரு பழனாத்தாளாக இருக்கட்டும், முதலமடையில் அந்தக் காலத்தில் வீதிக்கு நாலு பழனாத்தாள் இருந்திருப்பார்கள், அதில் ஒருத்தி பீர்மேட்டு மலைக்கு வந்து தேயிலைக் கொழுந்து பறித்திருந்தால் எனக்கென்ன, எங்கள் பழனாத்தாள் மட்டும் ஆற்றோடு போனவளாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் மாதா கோவில் படி ஏறினேன், யாரிடம் வேண்டினேன்? அவளிடமேதான்! பழக்கதோஷம். பரீட்சைக்கு, லைசென்சுக்கு, மாம்பூ உதிராமல் நிற்பதற்கு, எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அவளைத்தான் கூப்பிடுவோம். அப்பாவுடைய தாத்தாவுக்குத் தங்கை அவள், வெள்ளைக்காரன் காலத்தில், 1931இல், பதினேழு வயதில், ஆடி வெள்ளத்தில் போனவள். கல்யாணமாகாமல் செத்த பெண் வீட்டுக்குக் கன்னித் தெய்வம் என்று அவளைப் பெற்ற நாச்சிமுத்து அடுத்து வந்த தை மாதமே தோட்டத்து மூலையில் கல் நட்டுவிட்டார், அன்றிலிருந்து வருஷம் தவறாமல் பாவாடை, கண்ணாடி வளையல், சீப்பு வைத்துப் படையல், அது முடிந்தால்தான் தோப்பில் முதல் காயில் கை வைப்போம். போன வருஷம் நெஞ்சு வலி வந்தபோது அப்பா மாத்திரையை நம்பியதைவிட அவளை அதிகம் நம்பினார். அந்த மனுஷனிடம் போய், உங்கள் கன்னித் தெய்வம் ஏழு பிள்ளை பெற்றவள் என்று நான் எந்த வாயால் சொல்வேன்...

எல்லாம் இந்த ஜின்சியால் வந்த வினை. பீர்மேட்டிலிருந்து என்னிடம் வாட்ஸ்அப்பில் மாம்பழம் வாங்குகிறவள் வாங்கினோமா தின்றோமா என்று இருக்க வேண்டாமா? “எங்க பூட்டியும் முதலமடைதான்க்கா, பழனாத்தா, நாச்சிமுத்து மக, ஞானஸ்நானத்துக்குப் பெறகு கத்தரீனாள்” என்று எழுதிவிட்டாள், அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இப்போது பங்கு ஆபீஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, டீச்சர் இல்லையா, உபதேசியார் வேதமுத்து புரட்டும் கலியாணப் பதிவேட்டின் மேல் பாதி உடம்பைச் சாய்த்துவிட்டாள். “டீச்சரம்மா, தாளு அப்பளம் மாதிரி இருக்கு, மூச்சு விடாதீக” என்று அவர் அதட்ட, நானும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வெளியே தையின் குளிர், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தேயிலைச் சரிவே தெரியாமல் மஞ்சு மூடிக் கிடக்கிறது, எங்கள் ஊரில் இந்நேரம் வெயில் பல்லைக் காட்டும், அங்கிருந்து வந்த பெண் இந்தக் குளிரில் முதல் நாள் என்ன செய்திருப்பாள், அழுதிருப்பாளா? “எங்க பூட்டியா? அழுகவா? சூப்பர்வைசரையே கொணட்டிக் கேலி பண்ணிக்கிட்டு இருக்குமாம், எண்பத்திரண்டு வயசு வரைக்கும்” என்று ஜின்சி செல்போனை நீட்டினாள். ஒரு பழைய போட்டோ. பொக்கை வாய், வாய் கொள்ளாத சிரிப்பு, அந்தச் சிரிப்புக்கு மேலே... அப்பாவின் மூக்கு. அதே முன்வளைந்த மூக்கு, என் மூக்கு. வேண்டுதல் பலிக்கவில்லை, போ! ஆனால் எனக்கு ஏன் இத்தனை சந்தோஷம்? செத்துப்போனவள் சாகவே இல்லை, ஆற்றில் முங்காமல் இந்த மலையில் ஏறியிருக்கிறாள், ஏழு பிள்ளை, சண்டை, சிரிப்பு என்று ஒரு முழு ஆயுசு வாழ்ந்திருக்கிறாள், நாங்கள் மடையர்கள் மாதிரி ஒரு கிழவிக்கு வருஷா வருஷம் சின்னப்பெண் பாவாடை வாங்கியிருக்கிறோம், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, ஜின்சியைக் கட்டிக்கொண்டேன். இவள் எனக்கு என்ன முறை? விரல் விட்டு எண்ணினேன், மூன்றாவது விரலில் குழம்பிவிட்டது, உறவு என்பது மட்டும் நிச்சயம்.

“இந்தா இருக்கு தாயி” என்றார் உபதேசியார். 1932 வைகாசி. மாப்பிள்ளை சவரிமுத்து, கிணறு வெட்டுகிறவன். ஓ, எங்கள் தோட்டத்துக் கிணற்றை வெட்ட வந்த ஆளோ? பெண் கத்தரீனாள். பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம், அதை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். “பெண்ணின் தகப்பன் நாச்சிமுத்து, இந்து, முதலமடையிலிருந்து வந்திருந்து சம்மதம் சொன்னார்.” கீழே ஒரு கைநாட்டு. மை பரவி, பெருவிரல் ரேகை வரிவரியாக. மாதங்களை எண்ணிப் பார்த்தேன். வைகாசியில் மகள் கல்யாணத்துக்கு வந்தவர், அதற்கு நாலு மாதம் முன்னால், தையில், அவளுக்குக் கல் நட்டிருக்கிறார். புத்தி கெட்டவரா? இல்லை, இல்லை... ஓடிப்போனவள் என்றால் பங்காளிகள் அரிவாளோடு தேடுவார்கள், ஆற்றில் போனாள் என்றாலும் ஊர் நம்பாமல் கிசுகிசுக்கும், தெய்வமாகிவிட்டாள் என்றால்? சாமியை யார் போய்த் தேடி வெட்டுவது? மகளைக் காப்பாற்ற அவளைச் சாமியாக்கிவிட்டு, ஊரே விழுந்து கும்பிடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, இத்தனை தூரம் வந்து தாரை வார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அடேயப்பா, கைநாட்டுப் பேர்வழிக்கு எத்தனை மூளை! எத்தனை பாசம்! அந்த ரேகைமேல் என் பெருவிரலை வைத்துப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, உபதேசியார் முறைத்ததால் வைக்கவில்லை.

அப்போது பார்த்து அப்பாவின் போன். எடுக்காமல் விட்டுவிடலாமா, அவர் சாமியை நான் பிடுங்குவதா... எடுத்துவிட்டேன், சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. “அப்பா, நம்ம கன்னியாத்தா சாகலீங்கப்பா, இங்க கண்ணாலம் கட்டியிருக்கறாங்க, அவுங்கய்யன் நாச்சிமுத்தே வந்து கைநாட்டு வெச்சிருக்கறாருங்க!” சொன்ன பிறகுதான் அவர் நெஞ்சு வலி ஞாபகம் வந்தது. ஐயோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டாரோ? அவரோ மெல்லிய குரலில், “மெதுவாப் பேசு கண்ணு, உங்கம்மா பக்கத்துல நிக்கறா. அவளுக்குத் தெரியாது” என்றார். அவளுக்கா? அப்படியானால் இவருக்கு? பக்கத்திலிருக்கும் கோபாலபுரம் போவதற்கே நூறு கேள்வி கேட்கிற என் அப்பா காளிச்சாமி, பீர்மேடு என்றதும் ஏன் ஒன்றுமே கேட்கவில்லை? நாச்சிமுத்து தன் மகனிடம் சொல்லி, அவர் அவருடைய மகனிடம் சொல்லி... எனக்கு எப்போது சொல்வதாக இருந்தார்கள்? படையல் முன்னால் கண்ணை மூடி நிற்கும்போது அப்பாவின் உதடு ஒரு பக்கம் கோணும், பக்தி முற்றிப்போய் அழுகையை அடக்குகிறார் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்...