ஹப்போ விடாத கயிறு

அந்த வான்கப்பலைப் பார்க்கும்போதெல்லாம் தன் சொத்துதான் அந்தரத்தில் மிதக்கிறது என்று மாட்டு வியாபாரி ஹப்போவுக்குத் தோன்றும். முழுக்கத் தப்பென்றும் சொல்ல முடியாது. கப்பலின் வயிற்றுக்குள் இருந்த வாயுப் பைகள் அத்தனையும் மாட்டுக்குடலின் மெல்லிய தோலை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தவை. சண்டை வந்த பிறகு வெட்டுகிற மாட்டின் குடலெல்லாம் கடற்படைக்கு என்றாகிவிட்டது. வடகடலோரச் சதுப்பில் இருந்த அந்த ஜெர்மன் கிராமத்தில், குடலில் இறைச்சி அடைத்துச் செய்கிற சாசேஜின் வாசனை அடித்து வருஷக்கணக்காகிறது. சாசேஜ் இல்லாத ஊரில் ஒரு மனிதன் எத்தனை நாளைக்குத்தான் தேசபக்தனாக இருப்பான்?

குடல் போனது ஒரு வயிற்றெரிச்சல் என்றால், மகள் போனது இன்னொன்று. அந்தத் தோல்களை ஒட்டித் தைத்துக் காப்பாற்றுகிற ஐலர்ட் என்ற கடற்படைத் தையல்காரனை மகள் அண்ட்யே கல்யாணம் செய்துகொண்டாள். ஹப்போ மாதா கோயிலுக்குப் போனார், விருந்தில் சாப்பிட்டார், மாப்பிள்ளையிடம் மட்டும் கை தட்டவில்லை. அந்தப் பக்கத்து மாட்டுச் சந்தையில் விலை பேசுகிறவர்கள் ஒவ்வொரு விலைக்கும் உள்ளங்கையில் உள்ளங்கை தட்டிக்கொண்டே போவார்கள். கடைசியாக வலக்கையும் வலக்கையும் அறைந்துகொண்டால்தான் பேரம் முடிந்தது. அதுவரை மாடு வாங்கினவன் தொழுவத்தில் நின்றாலும் விற்றவன் மாடுதான். "நான் என்ன சினைப்பசுவாப்பா?" என்று அண்ட்யே கேட்டுப் பார்த்தாள். அவர் காது கேட்காதவர் மாதிரி குழாயில் புகையிலை அடைத்தார்.

அன்று காலை மூடுபனி பால்போல் படர்ந்திருந்தது. இரவு ஐலர்ட்டையும் ஏற்றிக்கொண்டு கடலுக்கு மேல் காவல் போன கப்பல், எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றுபோக, மிச்சமிருந்த ஒன்றில் தட்டுத்தடுமாறித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அது தொங்கவிடுகிற கயிறுகளைப் பிடித்துத் தரைக்கு இழுக்கக் கடற்படைத் தளத்தில் ஆள் போதவில்லை என்று ஊர்க்காரர்களைக் கூப்பிட்டார்கள். இழுத்தால் நிஜக் காப்பி உண்டு. வறுத்த கிழங்குத் தூளைக் காப்பி என்று குடித்துச் சலித்திருந்த ஹப்போ முதல் ஆளாகப் போய் நின்றார்.

தளபதி ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கயிற்றைக் கையால் பிடிக்கலாம், கையில் சுற்றக் கூடாது. விசில் ஊதினால் எல்லாரும் ஒரே நேரத்தில் விட்டுவிட வேண்டும். ஹப்போவும் தலையாட்டினார். ஆனால் நாற்பது வருஷம் காளைகளைச் சந்தையிலிருந்து ஓட்டிவந்த கை அது. பனிக்குள்ளிருந்து கயிறு இறங்கியதும் கை தன்பாட்டுக்கு அதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

கப்பலின் மூக்கு, அதை நிறுத்துகிற கொட்டகையின் கூரையை நோக்கித் திரும்பியது. மோதாமல் மேலே போகட்டும் என்று விசில் ஊதினார்கள். எல்லாரும் விட்டார்கள். ஹப்போவைக் கயிறு விடவில்லை.

காலுக்கடியில் இருந்த புல் மெதுவாக, சொல்லிக்கொள்ளாமல் விலகிப் போனது. கத்தலாம் என்று வாயைத் திறந்தபோது வாய்க்குள் பனிதான் புகுந்தது. இன்னொரு கையாலும் கயிற்றைப் பிடித்துக் கால்களைப் பின்னிக்கொண்டார். பிறகு வெளிச்சம். பனிக்கு மேலே வந்திருந்தார். கீழே எங்கு பார்த்தாலும் வெள்ளைக் கடல். அதில் மாதா கோயில் உச்சியில் காற்றுக்குத் திரும்புகிற தகரச் சேவலும் காற்றாலையின் ஒரு கையும் மட்டும் மிதந்தன. சத்தமே இல்லை. எங்கேயோ கீழே ஒரு பசு கூப்பிட்டது. அது தன் பசு ரோஸாவின் குரல் என்று அவருக்குத் தெரிந்தது. செத்துப்போனால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, ஒன்றும் மோசமில்லை, கை மட்டும் வலிக்காமல் இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டார்.

தலைக்கு மேலே கப்பலின் மூக்குக் கதவு திறந்து ஐலர்ட் எட்டிப் பார்த்தான். குரலைப் பெருக்குகிற கூம்புக்குழலில் பேசினான். வாயுவைத் திறந்துவிடுகிற வால்வுகள் இரவுக் குளிரில் உறைந்து கிடக்கின்றன, வெயில் பட்டு வாயு உப்பிக் கப்பல் மேலே மேலே போகிறது, கடைசி எஞ்சினும் நின்றுவிட்டது, காற்றோ கடல் பக்கம் தள்ளுகிறது என்றான். அப்போது ஒரு மேகம் வெயிலை மறைத்தது. கப்பல் குளிர்ந்து தணிந்தது. ஹப்போவின் பூட்ஸ் மறுபடியும் பனிக்குள் இறங்கி நாணலை உரசியது.

"மாமா, இடுப்புல கத்தி இருக்கா?"

"கத்தி இல்லாம மாட்டு யாவாரியா?"

"கீழ வாய்க்கால். வெறும் சேறு. இப்பவே அறுத்துட்டுக் குதிச்சிருங்க. மேகம் போயிட்டா முடியாது."

ஹப்போ இடக்கையால் கத்தியை எடுத்துப் பல்லால் திறந்தார். கயிற்றில் வைத்தார். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

"நான் குதிச்சா நீங்கள்லாம்?"

"உங்க கனம் போச்சுன்னா நாங்க மேல போயிருவோம். அப்புறம் கடல்தான். நீங்க குதிங்க, மாமா. அண்ட்யேகிட்ட—"

"அவகிட்ட நீயே சொல்லு, தையக்காரா. நான் என்ன உனக்குத் தபால்காரனா?"

இரண்டு ஆள் எடை என்று ஊரே கேலி பேசுகிற உடம்பு அவருடையது. அதற்கு இப்படியொரு விலை வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. கத்தியை வாயில் கவ்விக்கொண்டார். வாய்க்கால் வந்தது, போனது. சேறு மெத்தைபோல் விரிந்து காட்டியது. அவர் குதிக்கவில்லை.

பனி வெளுத்தது, மேகம் விலகப் போகிறது. கால் மேய்ச்சல் நிலத்தில் இழுபட்டது. எதிரே மாடுகள் முதுகு தேய்ப்பதற்காக நட்ட தடித்த கம்பம். அவரே நட்டது, அவருடைய நிலம். முரட்டுக் காளையை எப்படிச் சமாளிப்பாரோ அப்படியே கம்பத்தைச் சுற்றி ஓடினார், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கயிறு முறுகி முனகியது. சுற்றுகள் பிடித்துக்கொண்டதும் மணிக்கட்டுப் பக்கத்தை அறுத்துக் கையை விடுவித்தார். கம்பம் சாய்ந்தது, பிடுங்கிக்கொள்ளவில்லை. வெயில் வந்தபோது மாட்டுக் கம்பத்தில் கட்டப்பட்டு ஆகாயத்தில் நின்றது கடற்படைக் கப்பல்.

அதே வெயிலில்தான் வால்வுகளின் பனியும் உருகியது. வாயுவை வெளியே விட்டு, பெருமூச்சு விடுகிற ஓசையோடு கப்பல் இறங்கியது. ஆட்கள் ஒவ்வொருவராகக் குதித்து ஓடினார்கள். கடைசி ஆள் ஐலர்ட். பின்னாலேயே கடலிலிருந்து காற்று எழுந்து, கப்பலைத் தூக்கிக் கரைமேட்டில் போட்டு நடுமுதுகை ஒடித்தது. தீப்பிடிக்கவில்லை. களைத்த பசு படுப்பதுபோல் மெதுவாகப் படுத்துக்கொண்டது. கிழிந்த பைகள் புல்லெங்கும் பளபளவென்று விரிந்தன. மாடுகள் வந்து சுற்றி நின்று அவற்றை மோந்து பார்த்தன. ரோஸா ஒரு தடவை நக்கியும் பார்த்தாள்.

ஐலர்ட் வந்து நின்றான். வலக்கையை நீட்டினான். ஹப்போவின் வலது மணிக்கட்டு பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அவர் இடக்கையை உயர்த்தி அவன் உள்ளங்கையில் ஓங்கி அறைந்தார். மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"இடக்கை சந்தையில செல்லாதே, மாமா."

"தெரியும்," என்றார் ஹப்போ. "வலக்கை ஆறட்டும். அதுவரைக்கும் பேரம் நடக்குதுன்னு வச்சுக்கோ, மாப்ள."