உப்புப் பார்க்க ஒரு வாய்

மனைவிக்கு இந்த வேலை கிடைத்தால் ஃபஸ்லான் கத்தார் போக வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் பறக்க வேண்டியதுதான். கற்பிட்டிக் கடற்கரை ஹோட்டலின் குசினியில் அவன் மனைவி முஃப்லிஹா மீனாணம் ஆக்கிக்கொண்டு நின்றாள். கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியாயிற்று. இனிக் கைதான் பேச வேண்டும்.

பாரை மீன் துண்டுகள் வெந்தன. தேங்காய்ப்பால் ஓரத்தில் நுரை கட்டியது. அவள் அகப்பையை வைத்தாள்.

"முடிஞ்சிச்சு சேர்."

தலைமைச் சமையற்காரர் அன்டன் சிலாபத்துக்காரர். சிங்களமும் தமிழும் ஒரே வாயில் வரும். "ருசி பாத்ததா?"

"இல்ல சேர். பெருநாளைக்குப் பொறகு ஆறு நோன்பு புடிக்கிறேன்."

"விளங்குது. ஆனா ருசி பாக்காத சட்டி இங்கயிருந்து மேசைக்குப் போறதில்ல. அதுதான் டெஸ்ட்."

நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம்தான். அந்தப் பளபளக்கும் குசினியில் எங்கே துப்புவது? வீட்டில் என்றால் நோன்பு நாளில் மகள் உப்புப் பார்ப்பாள். முஃப்லிஹா யன்னலால் எட்டிப் பார்த்தாள். வாசலில் தன் ஓட்டோவில் சாய்ந்தபடி ஃபஸ்லான் நின்றான்.

"வீட்டுக்காரர் பாத்தாச் சரியா சேர்?"

"யாரும் பாக்கலாம். திருத்துறது நீங்க."

முஃப்லிஹா கைகாட்டிக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்ட, ஃபஸ்லான் தயங்கித் தயங்கி வந்தான். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு அவளோடு எழும்பி, துணைக்குத் தானும் நோன்பு பிடிப்பதாக நிய்யத் வைத்தவன்.

"நானும் நோன்புதானே புள்ள."

"இப்பக் குடிச்ச பிளேன்டி மீசையில இன்னும் காயல்ல. உப்பப் பாருங்க."

அன்டன் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் எதை வைத்தாலும் "நல்லம்" என்பதுதான் அவன் வாயில் வரும். இன்றும் அதையே சொல்லிவிட்டால்?

ஃபஸ்லான் விழுங்கினான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"உப்புக் குறைவு."

"எவ்வளவு?"

"நம்மட வீட்டுல குறையிற அளவுக்கு."

அவள் உப்பை எடுத்தாள். கலக்கி, மறுபடி நீட்டினாள்.

"இப்ப?"

"இப்ப சோறு கேக்குது."

அன்டன் ஒரு கரண்டி எடுத்தார். பிறகு இன்னொன்று.

"திங்கக்கிழமை வாங்க. நோன்பு முடிஞ்சிருக்கும்தானே? இவரையும் சேத்து வேலைக்கு எடுக்க ஏலாது."

"நாளையோட முடியுது சேர்."

திரும்பும் வழியில் களப்பின் உப்புக் காற்று ஓட்டோவுக்குள் புகுந்து அடித்தது. முஃப்லிஹா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு முன்னே குனிந்தாள்.

"அப்ப இத்தன வருஷமும் உப்பில்லாமலா திண்டீங்க?"

ஃபஸ்லான் புத்தளம் ரோட்டில் திருப்பினான்.

"கத்தார்ல அதுவும் கெடைக்காதாம்" என்றான்.