காணாமல் போன பல்செட்

ஓரெஸ்தே கிழவரின் பல்செட்டைக் காணவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. வியாழக்கிழமை வந்தால் இந்த வீட்டில் ஏதாவது ஒன்று காணாமல் போகும். போன வாரம் காது மெஷின். அதற்கு முன் வலது கால் செருப்பு.

இத்தாலியின் ஃபோர்லி நகரத்தில் வயதானவர்களோடு தங்கி வேலை பார்க்கும் எங்களுக்கு வியாழன் மதியத்துக்கு மேல் விடுமுறை. மால்தோவாவிலிருந்து வந்த பெண்கள் நாங்கள் அன்றைக்குத்தான் மனிதர்களாக வெளியே நடமாடுவோம். கிழவருக்கு அது பொறுக்காது.

அன்று எனக்கு வெறும் விடுமுறை அல்ல. என் தங்கை பராஷா ஊரிலிருந்து ஸ்பெயினுக்கு வேலைக்குப் போகிறாள். அவள் வரும் பஸ் ஸ்டேடியத்துக்குப் பின்னால் மூன்று மணிக்கு வந்து அரை மணி நேரம் நிற்கும். நாலு வருடமாக அவளைப் போனில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"பல்லைக் குடுங்க ஐயா."

"எனக்கு என்ன தெரியும்? நீதானே கழுவுறே. உங்க ஊருக்குப் பார்சல் போட்டுட்டியோ என்னவோ!"

இரண்டு மணிக்கு மகள் ஒர்னெல்லா கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தாள். அப்பாவை வியாழன்தோறும் சீட்டாட்டக் கிளப்பில் விடுவது அவள் வேலை. கிழவரின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஐயோ, பல் எங்க? இப்படியே கூட்டிட்டுப் போனா ஊரே சிரிக்கும் அக்ஸீனியா!"

"இன்னைக்கு ஒரு நாள் வீட்டுலயே இருக்கட்டுமே. என் தங்கச்சி வர்றான்னு சொல்லியிருந்தேனே."

"வீட்டுல உக்கார எனக்கு ஏது நேரம்? பார்லர்ல சொல்லி வெச்சிருக்கேன். தேடுங்க. கிடைச்சதும் போன் பண்ணுங்க, ஓடி வந்துடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

காபிப் பாத்திரம், மாவு டப்பா, துவைக்கும் இயந்திரம், பூந்தொட்டி எல்லாவற்றிலும் கையை விட்டுத் துழாவினேன். கிழவர் சக்கர நாற்காலியில் சாய்ந்து, இந்த ஊர்க்காரர்கள் சைக்கிள் பந்தயம் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலமாரிக்கு மேல பாத்தியா?"

"உங்களால எந்திரிச்சே நிக்க முடியாது. அலமாரிக்கு மேல எப்படிப் போகும்?"

"பல்லுக்குக் கால் முளைச்சிருக்கும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கோட்டை அவர் மேல் போட்டேன். நாற்காலியை வாசலுக்குத் தள்ளினேன்.

"எங்க போறோம்?"

"வெளிய. உங்களை இப்படியே ஸ்டேடியம் வரைக்கும் தள்ளிட்டுப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? பல் இல்லாமயா!"

லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே மேல் மாடி இயோலாண்டா அம்மாள், உதட்டுச் சாயமும் கைப்பையுமாக. கிழவரின் கை மடியில் கிடந்த போர்வைக்குள் போன வேகம் எனக்கே தெரியவில்லை. நாற்காலி உள்ளே நுழைவதற்குள் வாய் நிறையப் பல்.

"வணக்கம் அம்மா! நாளுக்கு நாள் இளமை கூடுதே!" என்றார்.

கீழே வந்ததும் ஒர்னெல்லாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மூன்று மணி தாண்டிவிட்டது. அவரை மேலே கொண்டுபோய்த் தனியே விட முடியாது. தள்ளிக்கொண்டு ஓடினேன்.

கல் பாவிய தெருவில் சக்கரம் குதித்தது.

"கழுத்துல காத்துப் படுது! எனக்குச் சளி பிடிச்சா உன்னாலதான்!"

நின்று மஃப்ளரைச் சுற்றினேன். தேவாலயத்தருகே அது அவிழ்ந்தது. மறுபடி நின்றேன். சிக்னலில் அவர் தெரிந்தவர் ஒருவருக்குக் கை கொடுக்க வேண்டுமென்றார். அதற்கு நான் நிற்கவில்லை.

ஸ்டேடியத்தின் பின்னால் பஸ் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாகப் பராஷா நின்று டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா!"

"ரெண்டே நிமிஷம்!" என்று டிரைவர் கத்தினார்.

அவளைக் கட்டிப்பிடிக்கக் கையை விரித்தேன். கிழவர் முந்திக்கொண்டார். அவள் கையைப் பிடித்து முத்தமிட்டார். தன் பெயரைச் சொன்னார், ரயில்வேயில் வேலை பார்த்ததைச் சொன்னார், அவள் கண்ணைப் புகழ்ந்தார். பராஷாவுக்கு அவருடைய இத்தாலியப் பேச்சில் ஒரு சொல்லும் புரியவில்லை. கையை உருவிக்கொள்ளவும் தெரியவில்லை.

"கையை விடுங்க ஐயா!"

"பேசிட்டு இருக்கேன்ல, குறுக்க வராதே."

டிரைவர் ஹாரனை அழுத்தினார். பராஷா படியேறியபடி என் தோளை ஒருமுறை தொட்டாள்.

"எவ்வளவு நல்ல மனுஷர்! நீ குடுத்து வெச்சவ அக்கா."

கதவு மூடிக்கொண்டது. பஸ் போயிற்று.

"நல்ல பொண்ணு. உன்னைவிடச் சிரிச்ச முகம்" என்றார் கிழவர். "வீட்டுக்குப் போலாமா? காபி குடிக்கணும்."

நாற்காலியைத் திருப்பி நேரே பார்லருக்குத் தள்ளினேன். ஒர்னெல்லா தலை முழுக்கச் சாயத்தோடு, கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி பிரேக்கைப் போட்டேன்.

"என்ன இது அக்ஸீனியா? இங்கயா கொண்டு வர்றது? நான் இந்தக் கோலத்துல..."

"அப்பாவைப் பாத்துக்கோங்க. ராத்திரி வர்றேன்."

"சேனியா! எங்க போறே?" என் பெயரைச் செல்லமாகச் சுருக்கிக் கூப்பிட்டார் கிழவர்.

திரும்பிப் பார்க்காமல் தெருவுக்கு வந்துவிட்டேன். எனக்குப் போக இடமே இல்லை. இருந்தும், யாரோ காத்திருப்பதுபோல வேகமாக நடந்தேன்.