அங்கமுத்துவின் முதுகில் ஓடிய ஆறு

நேற்று மாலை கடலில் ஒரு மீன்பிடிப் படகின் மேல் இடி விழுந்தபோது அதில் அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். தம்பி அங்கமுத்து மயங்கிய நிலையில் கரை ஒதுங்கினான். அண்ணன் டில்லிபாபு ஒதுங்கவில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்கு டில்லிபாபுவின் மனைவி மேகலா அடையாறில் என் வீட்டு வாசலில் நின்றாள். தினமும் மீன் கொண்டு வருபவள். இன்று கூடை இல்லை, கூட அங்கமுத்து இருந்தான். ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறான்.

"சட்டையக் கழட்டு," என்றாள் அவனிடம்.

முதுகில், கழுத்திலிருந்து இடுப்பு வரை சிவப்பாக ஒரு மரம். தண்டு, கிளை, கிளையிலிருந்து கிளை, மயிரிழை போன்ற நுனிகள்.

"இது நம்ம முகத்துவாரம் சார். ஆறு கடல்ல சேர்ற எடம். தேடுற போட்டெல்லாம் தெக்கால போய்க்கினு கீது. அவரு இங்கதான் கீறாரு. பதினோரு மணிக்குத் தண்ணி ஏறிடும். மணல்ல அம்பது ஓடை கீது, எந்த ஓடைன்னு படிச்சு சொல்லுங்க."

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். விளக்காமல் இருக்க வராது. மின்னல் தோலில் பரவும்போது எளிதான வழியைத் தேடும், அடைபட்டால் பிரியும், பிரிந்தது மறுபடி பிரியும் என்றேன். மணலில் தண்ணீரும், நுரையீரலில் மூச்சுக்குழாயும், ஊருக்குள் தெருக்களும், ஏன், ஒரு வதந்தியும்கூட அப்படித்தான் கிளைக்கின்றன. எந்தச் சிறு கிளையைப் பெரிதாக்கினாலும் முழு மரம் போலவே தெரியும். அதனால்தான் ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று போல இருக்கிறது. அதில் சேதி எதுவும் இல்லை.

"நெத்திலி வாங்கினாலே அரை மணி நேரம் பாடம் எடுப்பீங்க," என்றாள் மேகலா. "எல்லாம் ஒரே மாதிரின்னு நீங்கதானே சொல்றீங்க? அப்போ இதுல பாத்தா அது தெரியணுமில்ல?"

செல்போனில் முதுகைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முகத்துவார மணலில் அங்கமுத்து வெற்றுடம்போடு முன்னால் நடந்தான். நாங்கள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தோம்.

"மெதுவா, அண்ணி! நான் இன்னா பஸ் போர்டா, ஓடிக்கினே படிக்கிறீங்க?"

முதல் பிரிவு முதுகில் இருந்தபடியே மணலிலும் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பிரிவில் முதுகு வெறுமையாகிவிட்டது. இந்த மாதிரித் தழும்பு ஒரு நாளில் மறையும், நுனிகள்தான் முதலில் போகும். மேகலா அவன் தோலைக் கையால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது.

நான் போனில் அந்த இடத்தைப் பெரிதாக்கினேன். நுனியில் கிளை தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினேன், அதன் நுனியிலும் கிளை. எந்தப் படமும் ஓர் அளவுக்கு மேல் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அதற்கு மேல் காட்ட அதனிடம் எதுவும் இருக்காது. இந்தப் படம் உடையவில்லை. விரல்களை விரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு பிரிவில் மூன்று புள்ளிகள் நின்றன. வலப்பக்க ஓடையின் முடிவில், தனியாக, நான்காவது.

நாங்கள் மூன்று பேர்.

ஓரடி பின்வாங்கினேன். திரையில் ஒரு புள்ளி பின்வாங்கியது.

ஒன்பது மணிக்கு எடுத்த படம் அது.

"வலது பக்க ஓடை," என்றேன். விளக்கம் சொல்லவில்லை.

மேகலா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அங்கமுத்து நாலு எட்டு வைத்து தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் அவர்களைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புள்ளி ஓடையோடு போய் நான்காவது புள்ளியைத் தொட்டது. அதற்கப்புறம்தான் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் கேட்டது.

"உசுரு கீது சார்! வலையில மாட்டிக்கினு கீறாரு, தண்ணி கழுத்துக்கு வந்திடுச்சு! ஓடியாங்க!"

நான் இன்னும் காலை எடுத்து வைக்கவில்லை. திரையில் என் புள்ளி ஓடத் தொடங்கியிருந்தது.