அச்சுப்பிழையால் உண்டான நாடு

ஜூன் மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை. காலையில் மேகமூட்டம், நண்பகலுக்குப் பின் லேசான தூறல். அன்று மாலை நான்கு மணியளவில் அச்சகத் தெருவின் கடைசி வீடு தனி நாடாயிற்று. அதன் நிலப்பரப்பு அறுநூற்றிருபது சதுர அடி, மக்கள்தொகை நான்கு. வாசற்படியை ஒட்டி, நெருக்கமாகப் போட்ட காஜாத் தையலைப் போன்ற வெண்ணிறக் கோடு ஒன்று தானே தோன்றியது. கோட்டிற்கு வெளியே தூறல் பெய்தது. உள்ளே முற்றத்தில் வெயில் அடித்தது. கோட்டைத் தாண்ட எடுத்து வைத்த கால்கள், வைத்தவரின் விருப்பத்திற்கு மாறாகத் திரும்பி உள்ளே வந்தன.

இதற்குக் காரணம் அவ்வீட்டு மருமகளின் படிப்பே ஆகும். தையற்கூடத்தில் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்து வந்தமையால் தெருவாரால் காஜாக்கா என்று அழைக்கப்பட்ட அவர், நாற்பத்தொன்றாம் வயதில் அஞ்சல் வழியில் அரசியல் அறிவியல் இளங்கலையில் சேர்ந்து, மூன்றாண்டுப் படிப்பை ஏழாண்டுகளாகப் படித்து வந்தார். அரசியல் கோட்பாடு என்னும் ஒரே தாள் எஞ்சியிருந்தது. அதன் தேர்வு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு; தவறினால் பதிவு காலாவதியாகி ஏழாண்டுகளும் வீணாகும். பாடநூலின் இரண்டாம் அலகில், "வீடு என்பது நிலப்பரப்பு, மக்கள், அரசாங்கம், இறைமை ஆகிய நான்கு கூறுகளை உடையது" என்று அச்சாகியிருந்தது. கல்லூரியில் பயின்ற மகள், "அம்மா, அது அச்சுப்பிழைம்மா. நாடுன்னு இருக்கணும்" என்றாள். "புத்தகத்துல போட்டத மாத்த நான் யாருடி?" என்று காஜாக்கா அவ்வாறே உரக்க மனனம் செய்தார். நாற்பத்தோராம் முறை சொல்லி முடித்தபோது கோடு தோன்றியது.

நான்கு கூறுகளுள் மூன்று கைகூடிவிட்டன. அரசாங்கம் மட்டும் இல்லை. அரசாங்கம் இல்லாத நாட்டில் வெளியே செல்ல அனுமதி தருவோரும் இலர் என்பது வெளிப்படை. பேருந்து ஓட்டுநரான கணவர் தம்மையே அரசாங்கமாக அறிவித்து, தமக்குத் தாமே அனுமதி வழங்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். கால் திரும்பி வந்துவிட்டது. மக்களின் இசைவு தேவை என்று காஜாக்கா மூன்றாம் அலகைப் படித்துக் காட்டினார். கணவருக்குப் படிப்பின் மீது பகையில்லை, ஆனால் டெப்போவில், "என்னப்பா, உன் வீட்டம்மா எப்ப மந்திரியாகுறாங்க?" என்று கேட்டவர்களிடம் ஏழாண்டுகளாக அவர் சிரித்துச் சிரித்து அலுத்திருந்தார். "நான் ஜெயிச்சா இந்தப் படிப்பு கூத்து இன்னையோட முடிஞ்சுது" என்பதே அவருடைய தேர்தல் வாக்குறுதி. "நான் ஜெயிச்சா பரீட்சைக்குப் போவேன். உங்களையும் வேலைக்கு விடுவேன்" என்றார் காஜாக்கா. வெள்ளிக்கிழமை மட்டும் மூன்று முறை கை தூக்கி வாக்கெடுப்பு நடந்தது. மகள் தாயின் பக்கம். ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் மகனின் பக்கம். மூன்று முறையும் இரண்டுக்கு இரண்டு. பக்கத்து வீட்டுப் பெண் சன்னல் வழியே பால் பாக்கெட்டை நீட்டி, "இது இறக்குமதியா அக்கா? வரி உண்டா?" என்று கேட்டதற்கு மட்டும் நால்வரும் சேர்ந்து சிரித்தனர்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காஜாக்கா ஐந்தாம் அலகைத் திறந்தார். இரகசிய வாக்கெடுப்பு, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைப் பொத்தானும் ஒரு கறுப்புப் பொத்தானும் வழங்கப்பட்டன. வெள்ளை காஜாக்காவுக்கு, கறுப்பு கணவருக்கு. பின்னறையில் மூடியில் துளையிட்ட டப்பா வைக்கப்பட்டது. மற்ற மூவரும் நொடியில் போட்டுவிட்டு வர, மாமனார் பின்னறையில் பதினொரு நிமிடங்கள் நின்றார். ஆள் நடமாட்டமில்லாத கேட்டில் நாற்பதாண்டுகள் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் காட்டியவர், எதைக் காட்டலாம் என்று தம்மை எவரும் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலும். மகள் டப்பாவைக் கவிழ்த்தாள். வெள்ளை மூன்று, கறுப்பு ஒன்று.

எல்லோருக்கும் முன்னதாக மாமனாரே எழுந்து, "நம்ம வீட்டுக்குள்ளயே துரோகியா? எவன்டா அது?" என்று மகனைப் பார்த்துக் கர்ச்சித்தார். மகன் தந்தையை நெடுநேரம் பார்த்தார். வாக்கு இரகசியமானது என்பதால் வண்டிச் சாவியைத் தேடி எடுத்தார். "டியூட்டிக்கு நேரமாச்சு. அனுமதி கிடைக்குமா?" என்று மட்டும் மனைவியிடம் கேட்டார். "எதிர்க்கட்சித் தலைவர் முதல்ல என்னைய வண்டியில கொண்டுபோய் விடட்டும்" என்று அரசாங்கம் ஆணையிட்டது. இருவரும் கோட்டைத் தாண்டினர். கால்கள் எடுத்து வைத்த திசையிலேயே சென்றன. அவ்வீட்டில் ஆண்டுதோறும் தேர்தல் நடைபெறுகிறது. கணவர் இருமுறை வென்றுள்ளார். கோடு மங்கும்போது முறைவைத்துச் சுண்ணாம்பு பூசுகின்றனர். அந்தச் சனிக்கிழமை காஜாக்கா பத்து இருபத்திரண்டுக்குத் தேர்வுக்கூடத்தில் நுழைந்தார், மூன்று கூடுதல் தாள்கள் வாங்கினார், கண்காணிப்பாளர் விடைத்தாளைப் பிடுங்கும்வரை எழுதினார். அப்போது மணி சரியாகப் பிற்பகல் ஒன்று.