நுனி போன விழுது

பிரமிளா காட்கேவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை காது சிவக்கக்கூட நேரமில்லை. சகுணா பாக் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தடியில் தண்ணீர்க் குடத்தை நங்கென்று வைத்துவிட்டு அவள் போட்ட கூச்சலில், நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் வந்த வழியே திரும்பிவிட்டார்கள்.

"எவன்டா வெட்டினது? எவ வெட்டினா? கை விளங்குமா?"

விழுதின் நுனியைக் காணோம். ஒரு சாண் நீளம் போயிருந்தது.

சாத்தாராவில் அந்த மரத்துக்கு வயது நூற்றைம்பது என்பார்கள். அதன் மேற்குக் கிளை பாரம் தாங்காமல், பிள்ளைகள் ஊஞ்சலாடும் இடத்துக்கு மேலே வருடா வருடம் தாழ்ந்துகொண்டே வந்தது. நகராட்சி அதை வெட்டியே தீருவேன் என்று நின்றது. தோட்டத்தைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்ளும் பதினெட்டு பேர் வெட்ட விடமாட்டோம் என்று நின்றார்கள். கிளைக்குத் தற்காலிகமாக இரும்புத் தூண் முட்டுக்கொடுத்து, கிளையிலிருந்து தொங்கிய ஒரு விழுதைப் பிளந்த மூங்கிலுக்குள் விட்டு, தேங்காய் நாரும் மட்கிய உரமும் அடைத்து, தினமும் தண்ணீர் ஊற்றிக் கீழே இறக்கினார்கள். ஐந்து வருட வேலை. இந்த மழைக்குள் விழுது மண்ணில் இறங்கினால் கிளை பிழைக்கும், இல்லையென்றால் வெட்டு. அப்படித்தான் நகராட்சி எழுதிக் கொடுத்திருந்தது. புதன்கிழமை பார்வையிட வருகிறார்கள். நேற்று மாலை வரை தரைக்கு இரண்டு விரல்கடைதான் பாக்கி. மண்ணை அணைத்து மேடு கட்டிப் புதைக்க வேண்டிய வேலை மட்டும்தான் மிச்சமிருந்தது. நுனி போன விழுது மறுபடி வேர் விட்டு இறங்க இன்னும் ஒரு வருடமாவது ஆகும்.

ஐந்து வருடத்தில் பிரமிளா தண்ணீர் ஊற்றத் தவறிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்.

வாசலுக்கு வெளியே ஹௌசாபாய் கோணியை விரித்து ஆலங்கிளைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை வட பூர்ணிமா. புருஷன் ஆயுளுக்காகப் பெண்கள் ஆலமரத்தைச் சுற்றி நூல் கட்டும் நாள். மரம் வரைக்கும் நடக்க அலுப்புப்படுகிற புண்ணியவதிகள் ஒரு கொப்பை வாங்கிப்போய் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொள்வார்கள்.

"உன் அரிவாளைக் காட்டு," என்றாள் பிரமிளா.

"எதுக்கு அக்கா? காலங்காத்தால என்ன வந்துச்சு உனக்கு?"

"உள்ள வந்து விழுதை அறுத்துட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி உக்காந்திருக்கே!"

"நான் உள்ள வரவே இல்ல. இதெல்லாம் காஸ் ரோட்டுல ஒடிச்சது. விழுதை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன், கயிறா திரிக்கப் போறேன்?"

"திருட்டு நாய்க்குப் பேச்சு வேற!"

காவலாளி வந்து கோணியை இழுத்து ரோட்டில் எறிந்தான். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். அந்தப் பதினெட்டு பேர் சங்கத்தின் தலைவர் தேவ்தர் காகா, "சபாஷ் பிரமிளாதாயி, இப்படித்தான் இருக்கணும்," என்றார். ஹௌசாபாய் கொப்புகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள், திரும்பிப் பார்க்காமல்.

அரிவாள் அறுத்திருந்தால் நார் நாராகப் பிய்ந்திருக்கும். இந்த வெட்டோ கத்தரிக்கோல் வெட்டு, சாய்வாக, சுத்தமாக இருந்தது. பிரமிளா அதைப் பார்க்காமலில்லை. ஆனால் கோபம் தலைக்கேறியவளுக்குக் கையில் கிடைத்த ஆள்தான் குற்றவாளி.

புதன்கிழமை நகராட்சியிலிருந்து மோஹிதே மேடம் வருவதற்கு முன்பே பதினெட்டு பேரும் மரத்தடியில் கூடிவிட்டார்கள். தேவ்தர் காகாவின் மனைவி உஜ்வலா வஹினி டப்பா நிறைய போஹே, அவல் தாளித்தது, கொண்டுவந்திருந்தாள். இலையில் வைத்துக் கொடுத்த கையோடு ஆளுக்கொரு சின்னக் குப்பியும் கொடுத்தாள். பிரமிளா கைக்கும் ஒன்று வந்தது.

"என்ன இது?"

"தலைக்கு எண்ணெய். ஆலம் விழுது போட்டுக் காய்ச்சினது. முடி கொட்டுறது நின்னே போயிடும்."

பிரமிளா போஹே இலையைக் கீழே வைத்தாள்.

"எந்த விழுது, வஹினி?"

"நம்ம விழுதுதான்! மத்ததெல்லாம் கட்டை மாதிரி, காக்கா எச்சம் வேற. இது நம்ம கையால தண்ணி ஊத்தி, உரம் போட்டு வளத்தது இல்லையா? அதான் நுனி வெண்ணெய் மாதிரி இருந்துச்சு. மருந்துன்னா இப்படித்தான் சுத்தமா இருக்கணும்." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் துளி கள்ளம் இல்லை.

"அந்த நுனிக்காகத்தானே அஞ்சு வருஷம் தண்ணி சுமந்தோம்! இந்தக் கிளையே அதை நம்பித்தானே நிக்குது!"

"ஒரு சாண் போனா என்ன, மறுபடி வளரும். நான் என்ன வெளியாளா? இங்க ரோஜாப் பாத்தி போட்டதே நான்தான்."

"நீங்க வெளியாளா இருந்திருந்தா உங்க கோணியையும் ரோட்டுல எறிஞ்சிருப்போம்."

எல்லோரும் போஹே இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குப்பியை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மோஹிதே மேடம் வந்தாள். மூங்கிலுக்குள் எட்டிப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். கெட்டவள் இல்லை அவள், கிளை போவதில் அவளுக்கும் வருத்தம்தான்.

"இது யார் வேலை? வெளியாள்னா பேரோட புகார் எழுதிக் குடுங்க. விசாரணை முடியற வரைக்கும் கிளைமேல யாரும் கை வைக்க முடியாது. எப்படியும் ஒரு வருஷம் கிடைக்கும். உங்க ஆளுங்களே வெட்டியிருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கடிதத்துல இருக்கறபடி நாளைக்கே எடுத்துடணும்."

தேவ்தர் காகா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார், மனுஷன்! 'வாசலில் வியாபாரம் செய்யும் ஹௌசாபாய் என்பவர்' என்று அழகான கையெழுத்து.

"பார்த்தது நீங்கதானே? நீங்களே கையெழுத்துப் போடுங்க, பிரமிளாதாயி."

"நான் பார்க்கல."

"ஞாயித்துக்கிழமை ஊரே கேக்கச் சொன்னீங்களே." குரலைத் தாழ்த்தினார். "அவளை என்ன தூக்குலயா போடப் போறாங்க? ரெண்டு தடவை கூப்பிட்டு விசாரிப்பாங்க, அவ்வளவுதான். கிளையை நினைச்சுப் பாருங்க."

பிரமிளா கிளையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையெழுத்து போதும். ஒரு வருடம், ஒரு புது வேர். பேனாவை வாங்கினாள். தேவ்தர் காகா மேல் வந்த ஆத்திரத்தைவிட, தன் மேலேயே வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது. இந்தப் பொய்க்கு அச்சாரம் போட்டுக் கொடுத்ததே அவள்தானே.

ஹௌசாபாயின் பேரை அடித்தாள். 'உஜ்வலா தேவ்தர், சங்க உறுப்பினர், தலை எண்ணெய்க்காக வெட்டினார். ஹௌசாபாய் மேல் நான் சொன்னது பொய். பிரமிளா காட்கே' என்று எழுதி நீட்டினாள். மேடம் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

"பைத்தியமா உங்களுக்கு?" என்றார் தேவ்தர் காகா.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தேடிப் பிடித்து ஹௌசாபாயிடம் போய் நின்றாள் பிரமிளா. தப்பு என் மேலதான் என்றாள். ஹௌசாபாய் கொப்பு கட்டுவதை நிறுத்தவில்லை.

"ஊரே கேக்கத் திருடின்னே. தப்புங்கறதை மட்டும் காதுக்குள்ள வந்து சொல்றே. போ, போ. வியாபாரத்தைக் கெடுக்காதே."

வியாழக்கிழமை ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள். அஜிங்க்யதாரா கோட்டைப் பக்கமிருந்து மழைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாதிக் கிளை தரையில் விழுந்தபோது வெள்ளைப் பால் வழிந்தது. சங்கத்துக்காரர்கள் தள்ளி நின்றார்கள். "ஒரு கையெழுத்துல காப்பாத்தியிருக்கலாம், அவளாலதான் போச்சு," என்று ஒருத்தி சொன்னது பிரமிளாவுக்குக் கேட்கும்படிதான் சொல்லப்பட்டது. கிளை வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தழை பொறுக்க வந்த ஹௌசாபாய் வாசலிலேயே நின்றாள். காவலாளி கம்பை நீட்டி மறித்திருந்தான்.

உஜ்வலா வஹினி குனிந்து நல்ல தளிராக ஒரு கொப்பை ஒடித்தாள்.

"நாளைக்குப் பூஜைக்கு ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. ஏன் வீணாப் போகணும்?"

ஒவ்வொருத்தியாகக் குனிந்தார்கள்.

"நிறுத்துங்க!" பிரமிளா போட்ட சத்தத்தில் ரம்பக்காரனே ரம்பத்தை நிறுத்திவிட்டான். "எல்லாரும் கேட்டுக்கோங்க. அந்த வாசல்ல நிக்கறவ ஒண்ணும் திருடல. அவளைத் திருடின்னு சொன்னவ நான். அது பொய். விழுதை வெட்டினது இதோ நிக்கறாங்களே, உஜ்வலா வஹினி. அதை மூடி மறைக்கப் பார்த்தது இவங்க புருஷன். அந்த எண்ணெயைத் தலையில தேச்சுக்கிட்டது நீங்க அத்தனை பேரும்."

காவலாளி கம்பை எடுத்துவிட்டான். ஹௌசாபாய் உள்ளே வந்து, பிரமிளாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கோணியை விரித்துத் தழையை அள்ளத் தொடங்கினாள்.

உஜ்வலா வஹினியின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் கையிலிருந்த கொப்பை அவள் கீழே போடவில்லை.